தாடிக்குக் கீழே

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. இன்று முதல் சங்கரன்கோவிலில் ஆண்களின் தாடைகள் ஒவ்வொன்றாக மறையும். தை பிறந்த பிறகுதான் மறுபடி காணக் கிடைக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் நாற்பத்தொரு நாள் முகத்தில் கத்தி வைக்கமாட்டார்கள். ஊரில் பக்தி வளர்கிறது என்பார்கள். முடிதிருத்துகிறவன் கண்ணுக்கு வளர்வது தாடி மட்டும்தான்.

வேலை குறைவு என்பதால் நாட்குறிப்பு எழுதலாம் என்று இருக்கிறேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் ஜனவரியில் கொடுத்த டைரி. பத்தரை மாதம் வெறுமையாகக் கிடந்தது. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் கொள்ளவேண்டாம். நல்ல பேனா கிடைக்கவில்லை. இந்தப் பேனாவும் சரியில்லை. எழுத்து கோணுகிறது.

கடையில் இரண்டு நாற்காலி. முதலாவது என்னுடையது. இரண்டாவது என் மனைவி கோமதியின் தம்பி ஆவுடையப்பனுடையது. அவனும் இன்று மாலை போட்டுவிட்டான். இனி அவனை 'சாமி' என்று அழைக்கவேண்டும். பதினோரு வருடமாக நான் அவனை அழைத்துவந்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

"அத்தான், இன்னையிலருந்து என்னை ஏசக்கூடாது" என்றான்.

"ஏசினா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பாவம் ஒங்களுக்கு."

என்ன வேண்டுதல் என்று கேட்டேன். சொன்னால் பலிக்காதாம். கல்யாணமாக இருக்கும். முப்பத்தி நாலு வயதாகிறது.

நவம்பர் 20, வியாழன்

முதுகுவலி காரணமாக நான் கொஞ்ச காலமாகச் சவரம் செய்வதில்லை. மெஷின் கட்டிங் மட்டும். சவரம் எல்லாம் இரண்டாவது நாற்காலிக்கு. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் இன்று வந்தார். முதல் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. "சாமி வரட்டும்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கடைக்கு மூன்று பேப்பர் வாங்குவது என் தவறு.

ஆவுடையைப் பற்றி ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் கத்தி வைத்தால் வைத்தது தெரியாது. தாடையின் கீழ் வளைவில் முடி நாலு திசைக்கும் சுழன்று கிடக்கும். அந்த இடத்தில் எல்லாரும் தயங்குவார்கள். அவன் தயங்கியதில்லை. போஸ்ட்மாஸ்டர் தூங்கிவிட்டார். தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

கடை விடுமுறை. துண்டுகளைச் சோடா போட்டு ஊறவைத்தேன். சீப்புகளை டெட்டாலில் போட்டேன். காலையில் டீ வேட்டியில் சிந்திவிட்டது. டம்ளர் சூடு. கோமதி கொஞ்ச நாளாக எனக்கு அரை டம்ளர்தான் ஊற்றுகிறாள். சிக்கனம் போலும்.

சாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கீழ்க் கடைவாய்ப் பல்.

"மாடிக்குப் போயி காட்டட்டுமா அத்தான்?"

எங்கள் கடைக்கு மேலே எட்டு மாதம் முன்பு டாக்டர் பியூலா பல் ஆஸ்பத்திரி திறந்தார். இதுவரை அந்தப் படியில் ஏறியவர்களில் பாதிப்பேர் மாடி வாடகைக்கு விடப்படுமா என்று கேட்கப் போனவர்கள். டாக்டர் தினமும் காலையில் கீழே வந்து எங்கள் பேப்பரை வாங்கிப்போய் வரிவிளம்பரம் வரை படித்துத் திருப்பித் தருவார்.

"கிராம்ப வையி" என்றேன். "ஏறினா புடுங்கிருவாங்க. மாலை போட்டவன் வாயில ரத்தம் வரலாமா?"

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

நவம்பர் 29, சனி

சாமியின் விரதம் கடுமையாகிவிட்டது. கஞ்சி மட்டும் குடிக்கிறான். அதுவும் ஒரு வேளை. முகம் நிறைந்து, சிவந்து, மினுமினுப்பாக இருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், தேஜஸ் வந்துவிட்டது என்று. பூக்கடைக்காரர் காலில் விழுந்தே விட்டார். என் காலில் இதுவரை விழுந்தது முடி மட்டும்.

டிசம்பர் 1, திங்கள்

மௌன விரதமும் சேர்ந்துகொண்டது. கேட்டால் தலையாட்டுகிறான். பேசினாலும் வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. பஜனையில் கத்திக் குரல் கட்டிவிட்டதாம். பஜனைக்கு அவன் நாலு நாளாகப் போகவில்லை என்பது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

படுப்பதும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுகிறான். மாலை போட்டுவிட்ட குருசாமியே இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு சாமியைப் பார்த்ததில்லையாம். ஊரே மெச்சுகிறது. எனக்கும் கொஞ்சம் பொறாமைதான்.

டிசம்பர் 3, புதன்

திருக்கார்த்திகை. கோமதி பனையோலையில் கொழுக்கட்டை அவித்தாள். சாமிக்கு உயிர் அது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டான்.

"தின்னுலே தம்பி. வெரதச் சாப்பாடுதான" என்றாள் கோமதி.

வாயைக் காட்டினான். விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. கோமதி என்னைப் பார்த்தாள். நான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனேன். எண்ணெய் கொஞ்சம் வெளியே போயிற்று.

டிசம்பர் 4, வியாழன்

கடை பூட்டு. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி.

டிசம்பர் 5, வெள்ளி

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று வார்டுக்கு வெளியே நேரம் நிறைய இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று காலை ஒன்பதரைக்கு ஆவுடை போஸ்ட்மாஸ்டருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பித் தோள் துண்டில் வாயை ஒற்றினான். எச்சிலை விழுங்க முடியவில்லை என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. விரதக்காரர்கள் எச்சில் விழுங்கக்கூடாதாக்கும் என்று போஸ்ட்மாஸ்டர் நினைத்தாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அதைக்கூட நினைக்கவில்லை.

டாக்டர் பியூலா பேப்பருக்காக வந்தார். பேப்பரை எடுக்கவில்லை. கண்ணாடியில் ஆவுடையின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"சாமி, கத்திய வெச்சுட்டு இங்க வாங்க. நாக்க நீட்டுங்க."

நாக்கு வரவில்லை. வாய்க்குள் மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் தாடிக்குள் விரல்களை விட்டு, மோவாய்க்கு அடியில் அழுத்தினார்.

"பலகை மாதிரி இருக்கு" என்றார். "ரெண்டு பக்கமும். எத்தன நாளா உக்காந்தே தூங்கறாரு?"

"நாலு நாளாச்சு" என்று பின்கட்டு வீட்டிலிருந்து வந்த கோமதி சொன்னாள். "வெரதம்னுலா நெனச்சோம்."

"வெரதம் இல்ல. படுத்தா மூச்சு அடைக்குது."

டாக்டர் பியூலா ஐந்தடி இருப்பார். எங்கள் கடையில் அவர் இதுவரை பேசிய மொத்த வார்த்தைகளும் 'பேப்பர் தர்றீங்களா அண்ணாச்சி', 'தேங்க்ஸ் அண்ணாச்சி'. அந்தப் பெண் அடுத்த இருபது நிமிடத்தில் செய்ததை வரிசையாக எழுதிவைப்பது என் கடமை. 108-க்குப் பேசினார். மாடிக்கு ஓடி மருந்தும் ஊசியும் எடுத்துவந்து கையில் போட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் தனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்குப் பேசி, இன்ன நோயாளி வருகிறார், மயக்க டாக்டரும் தொண்டை டாக்டரும் தயாராக இருக்கவேண்டும் என்று, கேட்கிற மாதிரி இல்லை, சொல்கிற மாதிரிச் சொன்னார். தன் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். வண்டி வந்ததும் அவரே ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் ஆவுடையின் தோளைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "படுக்க வெக்காதீங்க" என்றார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தபோதெல்லாம் சொன்னார். நான் எண்ணினேன். பதினோரு தடவை.

வண்டியில் எனக்கு விளக்கினார். சொத்தைப் பல்லின் வேரிலிருந்து கிருமி தாடை எலும்பைத் தாண்டி நாக்குக்கு அடியில் இறங்கிவிட்டது. அங்கே சதை இறுகி வீங்கி நாக்கை மேலேயும் பின்னாலேயும் தள்ளுகிறது. பின்னால்தான் மூச்சு போகிற வழி.

"பல்லுல போயி உயிரா?" என்றேன்.

"ஆமா அண்ணாச்சி. பல்வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"பத்து நாள் இருக்கும்."

"ஏன் மேல வரல?"

படி செங்குத்து என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் தயாராக இருந்தார்கள். மயக்க டாக்டர் நடுத்தர வயது அம்மாள். வந்து பார்த்தார். "தாடிய உடனே எடுக்கணும். இருந்தா ஆக்ஸிஜன் மாஸ்க் ஒட்டாது. எங்க கீறணும்னும் தெரியாது. பத்து நிமிசம் இருக்கு" என்றார்.

ஆவுடை இரண்டு கையாலும் தாடியைப் பொத்திக்கொண்டான். மூச்சு விசிலடித்தது. தலையை ஆட்டினான், முடியாது என்று. நாற்பத்தொரு நாளில் பதினெட்டாவது நாள். கோமதி கெஞ்சினாள். நான் ஏசினேன். பாவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நன்றாகவே ஏசினேன். கை இறங்கவில்லை.

கடைசியில் குருசாமிக்குப் போன் போட்டேன். கிட்ணன் குருசாமி மின்வாரியத்தில் லைன்மேன். அப்போதுதான் கம்பத்திலிருந்து இறங்கியிருந்தார். இருபத்திரண்டு வருடம் மலைக்குப் போனவரிடம் நான் எதிர்பார்த்தது ஒரு மணி நேரத் தர்க்கம். போனை ஆவுடையின் காதருகே வைத்தேன்.

"சாமி சரணம். கேக்குதா சாமி? லைன்ல வேல பாக்கையில மெயின ஆஃப் பண்ணுவோம்லா? பண்ணாம ஏறுனவன் பக்தன் இல்ல, பொணம். இப்ப ஒங்க கழுத்துல வேல நடக்கப்போவுது. குருசாமி நான் சொல்லுதேன், லைன் ஆஃப். மாலையக் கழத்தி அத்தான்ட்ட குடுங்க. தாடிய எடுக்கட்டும். பெறவு நான் வந்து போட்டு விடுதேன்."

அரை நிமிடம். ஆவுடை மாலையைக் கழற்றி என் கையில் வைத்தான்.

வார்டு ஊழியர் ஒருவர் பிளேடுடன் வந்து, "படுங்க" என்றார். டாக்டர் பியூலா பன்னிரண்டாவது தடவையாகச் சொன்னார். ஊழியர் விழித்தார். அவர் பாவம் என்ன செய்வார். அங்கே எல்லாரும் படுத்துக்கொண்டுதான் சவரம் செய்துகொள்வார்களாம். உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சவரம் செய்வது எங்கள் தொழில். "நான் செய்யுதேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கோமதி என்னைப் பார்த்த பார்வையையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நாங்கள் செய்கிற முறை, பின்னால் நின்று தலையைச் சாய்த்து, நாடியை மேலே தூக்கி, கீழ்ப்பக்கம் எடுப்பது. இங்கே தலையைச் சாய்த்தால் மூச்சு நிற்கும். தலை குனிந்தபடிதான் இருக்கவேண்டும். அதனால் நான் அவன் முன்னால் முட்டி போட்டேன். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தபடி வார்டில் கொடுத்த கத்திரியால் நறுக்கினேன், பிறகு அவர்கள் மெஷின். தாடி போனதும் தெரிந்தது நாங்கள் ஆறு நாளாக மெச்சிக்கொண்டிருந்த தேஜஸ். நாடிக்கும் கழுத்துக்கும் நடுவே வளைவே இல்லை. காதிலிருந்து காதுவரை ஒரே செங்கல். தோல் இழுபட்டுப் பளபளத்தது. லேசான கீறல் போதும், வெடித்துவிடும்.

கடையில் ஆவுடை கீழே வைத்த கத்தி என் சட்டைப் பையோடு வந்திருந்தது, அதை எடுத்தேன். முனை ஒரு இடத்தில் நிற்காமல் மினுங்கியது. ஆஸ்பத்திரி டியூப்லைட் அப்படி.

அப்போது ஆவுடை என் மணிக்கட்டைப் பிடித்தான். பயந்திருப்பான். பிடித்தவன் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தன் தாடையில் முடி எங்கே எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று தனக்குத் தெரிந்த கணக்கில், என் கையைக் கொண்டுபோனான். மூச்சை இழுக்கும்போது நிறுத்தினான், விடும்போது நகர்த்தினான். காய்ச்சல் கை. கொதித்தது. ஆனால் அசையவில்லை. வலது பக்கம் முடித்து, நடுவில் வந்து, இடது பக்கமும் முடித்து, கத்தியை என் விரல்களிலிருந்து எடுத்துத் துண்டில் துடைத்து மடக்கி என் சட்டைப் பையில் போட்டான். பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

மயக்க டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. "யாரு செஞ்சது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

உட்கார்ந்த நிலையிலேயே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மூன்று மணி நேரம். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வழியே மூச்சுக்கு வழி செய்து, நாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் திறந்துவிட்டு, அந்தப் பல்லையும் எடுத்தார்கள். குருசாமி காக்கிச் சட்டையும் கறுப்பு வேட்டியுமாக பஸ் பிடித்து வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எதுக்கு மாலை போட்டான்னு ஒமக்குத் தெரியுமாவே?"

"கல்யாணத்துக்கு."

"மண்ணாங்கட்டி. ஒம்ம கை நடுக்கம் நிக்கணும்னு போட்டிருக்கான். அத்தான் கத்தியத் தொட்டு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு சாமின்னு என்ட்ட வந்து அழுதான்."

என் கைக்கு ஒன்றுமில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

உயிருக்குப் பயமில்லை என்றார்கள். கோமதி இரண்டு இட்லி தின்றாள். நான் நாலு.

டிசம்பர் 8, திங்கள்

டாக்டர் பியூலா தினமும் சாயங்காலம் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். போகவர மூன்று மணி நேரம். அவர் பிழைத்த நோயாளியைப் பார்க்க வருகிறாரா, பெரிய டாக்டர்கள் கட்டு மாற்றுவதைப் பார்க்க வருகிறாரா என்று தெரியவில்லை. கட்டைப் பிரித்தால் கிட்டே போய், கோயிலில் திரை விலகினதைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார். நானும் ஒரு நாள் பார்த்தேன். பிறகு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

இன்று அவரிடம் சொல்லிவிட்டேன். "டாக்டரம்மா, படி செங்குத்தெல்லாம் இல்ல. அவன் வரேன்னுதான் சொன்னான். கிராம்பு வைன்னு நான்தான் தடுத்தேன்."

"தெரியும் அண்ணாச்சி."

"அவன் சொன்னானா?"

"எட்டு மாசமா ஒங்க கடைக்கு மேலதான் உக்காந்திருக்கேன். நீங்க ஒவ்வொருத்தருக்கும் கிராம்பு சொல்றது படி வழியா நல்லாக் கேக்கும்."

இதைச் சொல்லிவிட்டு ஆவுடையின் ஜுர அட்டையை எடுத்துப் படிக்கப் போய்விட்டார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

டிசம்பர் 12, வெள்ளி

கழுத்துக் குழாய் இருப்பதால் பேச்சு வராது. பேப்பரில் எழுதிக் காட்டுகிறான். அவன் எழுத்து என்னுடையதைவிட நேராக இருக்கிறது. படுத்துக்கொண்டு எழுதுகிறவனுக்கு அது சுலபம்.

உடம்பு தேறிவிட்டதால் நிதானமாக ஏசினேன். "வலிய இப்பிடியா மறைப்பாம் ஒருத்தன்? வாய் தொறக்கலன்னா சொல்லணும்லா? கூடவே இருக்கவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பேனாவை எடுத்து ஒரே வார்த்தை எழுதி நீட்டினான்.

'நீங்க?'

வெளிச்சம் போதவில்லை, படிக்க முடியவில்லை என்று சொன்னேன். கோமதி எழுந்துபோய் ஜன்னலை அகலத் திறந்தாள்.

டிசம்பர் 15, திங்கள்

குழாயை எடுத்துவிட்டார்கள். துளைமேல் பஞ்சுக் கட்டு. தானாக ஆறுமாம். பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

குருசாமி வந்தார். ஒரு மாதத்துக்குக் கழுத்தில் எதுவும் படக்கூடாது என்று நர்ஸ் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். மாலையை இரண்டாகச் சுற்றி ஆவுடையின் வலது மணிக்கட்டில் போட்டார். "லைன மாத்திவிட்டாச்சு" என்றார். இந்த வருடம் அவன் மலைக்குப் போக முடியாது. நெய்த்தேங்காயை அவரே கொண்டுபோகிறார். என் பெயர் நட்சத்திரம் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கெதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கோமதியே சொல்லிவிட்டாள், கேட்டை.

டிசம்பர் 17, புதன்

மார்கழிக் குளிர். ஊருக்குப் போய்க் கடையைத் திறந்து தூசி தட்டிவிட்டு வந்தேன். மாடிப்படியில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேல்படியில் போஸ்ட்மாஸ்டர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. வாடகைக்கு யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

ஆவுடையை இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சீட்டு வாங்கப் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். ஏழரைக்கே வந்துவிட்டேன். சும்மா இருக்கிற நேரம்தானே என்று புறநோயாளிச் சீட்டு எடுக்கிற வரிசையில் நின்றேன். என்ன விஷயமாக என்று கவுண்டரில் கேட்டார்கள். முதுகுவலி என்று சொல்ல வாயைத் திறந்து, வேறு சொன்னேன். நரம்புப் பிரிவு, பதினாலாம் நம்பர் அறை என்றார்கள்.

பெஞ்சில் எனக்கு முன்னால் இருபது பேர். அவர்களில் நாலு பேராவது என்னைப் போலவே கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எப்படித் தெரிந்ததோ, ஆவுடை வார்டிலிருந்து இறங்கி வந்து சுவரோரம் நின்றான். புதுச் சட்டை. மழித்த முகம். நாடிக்குக் கீழே இரண்டு தையல் தழும்பு, மணிக்கட்டில் மாலை. என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் பெயரைக் கூப்பிட்டதும் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டான்.

டாக்டர் இளைஞர். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினேன். மூக்கைத் தொடச் சொன்னார். கன்னத்தைத் தொட்டேன். ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, நத்தை ஓடு மாதிரி உள்ளேயிருந்து வெளியே ஒரு சுருள் வரையச் சொன்னார். நல்ல பேனா. வரைந்து கொடுத்தேன். முள்வேலியைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு முகம் மாறாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

"இதுக்கு மாத்திர இருக்கு, பயப்படாதீங்க. என்ன வேல பாக்கறீங்க?"

"சவரத் தொழில்."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எவ்வளவு நாளா நடுக்கம் இருக்கு?"

இதுவரை இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கும்படி நான் விட்டதும் இல்லை. வந்தது வந்தாகிவிட்டது, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

"ரெண்டு வருசமா" என்றேன்.

பின்னால் நின்றவன் கழுத்துப் பஞ்சின்மேல் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டான். பதினைந்து நாளுக்குப் பிறகு அவன் குரலைக் கேட்டேன். தகரத்தில் மண் உரசுகிற மாதிரி இருந்தது.

"மூணு, டாக்டர்."